கொடுத்த வாக்குரிமையைச் சட்டப்படியே பறித்த நாடு: அமெரிக்க வரலாற்றை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "மக்களில் ஒரு பகுதியினரை அடிமைகளாக வைத்திருந்து, விடுதலைக்குப் பிறகும் நூறாண்டுக் காலம் அவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திய நாடு அமெரிக்கா. அதன் வரலாற்றைப் படித்து இன்றைய ஜனநாயகத்தைப் பற்றி நாம் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? நம் வரலாறே போதாதா? படிக்கத்தான் வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?" பின்பற்றத் தக்க நாட்டின் வரலாறுதான் படிக்கத் தக்கது என்ற எண்ணம் இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. கல்லூரியில் அரசியல் அறிவியலும் அமெரிக்க வரலாறும் நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, கேள்வியாளர் எதைக் குறையாகச் சுட்டுகிறாரோ அதன் பொருட்டே அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதுதான். இலட்சக்கணக்கானோருக்கு வாக்குரிமை வழங்கப்பட்டு, அரசியல் சாசனத்தில் அதைக் காக்கும் வரி ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கும்போதே அது பறிக்கப்பட்டு, இரண்டு தலைமுறைகளுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு மீட்கப்பட்ட நிகழ்வு, அமெரிக்காவில் நடந்த அளவுக்கு விரிவாக எழுத்தில் பதிவான நாடு வேறொன்றை நான் அறியேன். பறித்தவர்கள் தாங்கள் செய்வதை ஒளித்துவைக்கவில்லை. கூடிப் பேசி, பேசியதை அச்சிட்டும் வைத்தார்கள்.

முதலில், பலருக்கும் வியப்பளிக்கும் ஓர் அடிப்படைச் செய்தி. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம் எவருக்கும் வாக்குரிமையை வழங்கவில்லை. யார் வாக்களிக்கலாம் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பை அது மாநிலங்களிடம் விட்டுவிட்டது. இதனால் தொடக்கத்திலிருந்தே வாக்குரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. விரிந்தது, சுருங்கவும் செய்தது. நியூ ஜெர்சியில் குறிப்பிட்ட அளவு சொத்துள்ள மணமாகாத பெண்களும் சுதந்திரமான கறுப்பின மக்களும் வாக்களித்துவந்தார்கள். 1807இல் அந்த உரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமானதாக்கப்பட்டது. டென்னசி 1834இலும், வட கரோலினா 1835இலும், பென்சில்வேனியா 1838இலும் சுதந்திரமான கறுப்பின ஆண்களிடமிருந்து வாக்கைப் பறித்தன. நியூயார்க் 1821இல் வெள்ளையர்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்திய அதே வேளையில், கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. எளிய வெள்ளையர்களுக்கு ஜனநாயகம் விரிவடைந்த அதே பத்தாண்டுகளில்தான் இவையெல்லாம் நடந்தன. ஜனநாயகம் ஒருமுறை வேரூன்றிவிட்டால் காலப்போக்கில் தானே வளரும் என்று பள்ளிப் புத்தகங்கள் நமக்குத் தந்த எண்ணத்தை இந்தச் சில ஆண்டுகளே மறுத்துவிடுகின்றன.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் வடபகுதிக்கும் நடந்த உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த பதினான்காம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பையும் அளித்தது. 1870இல் வந்த பதினைந்தாம் திருத்தம் இனம், நிறம், முன்னாள் அடிமை நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அத்திருத்தத்துக்கு முன்பே, போருக்குப் பின் தெற்கின் ஆட்சியைப் புதிதாக அமைக்க வந்த 1867இன் மீள்கட்டமைப்புச் சட்டங்களின்படி, தோற்ற தென்மாநிலங்களில் இராணுவ மேற்பார்வையில் ஏறத்தாழ 7 இலட்சம் கறுப்பின ஆண்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் விற்கப்பட்டவர்கள் இவர்கள். 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்கும், தென் கரோலினாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்கும் சென்றார்கள். அந்தக் காலத்தில் மொத்தம் 16 கறுப்பின உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள்; ஷெரீப், வரி மதிப்பீட்டாளர், பள்ளிக் குழு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் என்று உள்ளூரிலும் மாநிலத்திலும் பொறுப்பேற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தென் கரோலினா சட்டமன்றக் கீழவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையாக இருந்தார்கள். தென்மாநிலங்களில் அரசு செலவில் நடக்கும் பொதுப்பள்ளி முறை பரவலாக வேர்கொண்டது இந்த அரசாங்கங்களின் காலத்தில்தான். அந்தப் பள்ளிகளில் ஏழை வெள்ளைக் குழந்தைகளும் படித்தார்கள் என்பதை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வதுண்டு.

இதை வீழ்த்தும் முயற்சி முதலில் வன்முறையாகத்தான் வந்தது. கறுப்பின மக்களைத் தாக்கி அச்சுறுத்திய கூ கிளக்ஸ் கிளான் போன்ற வெள்ளையர் அமைப்புகளை ஒடுக்க 1870, 1871ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. குடியரசுத் தலைவர் யுலிசஸ் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, துருப்புகளை அனுப்பி, குற்றவாளிகளைக் கைதுசெய்தார். மத்திய அரசு உறுதியாக நின்ற இடத்தில் வன்முறை அடங்கியதற்கு இது தெளிவான சான்று. ஆனால் அந்த உறுதி நீடிக்கவில்லை. 1873 ஏப்ரலில் லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், சர்ச்சைக்குரிய ஒரு தேர்தலுக்குப் பின் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பின மக்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் அது விடவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை 60 முதல் 150 வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனையையும் 1876இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்கள் செய்யும் வன்முறையைக் கட்டுப்படுத்தாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். மாநில அரசோ அந்த வன்முறையைத் தண்டிக்கப்போவதில்லை. கொலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏற்பட்ட இந்த இடைவெளிக்குள் ஒரு மக்கள் திரளே கைவிடப்பட்டது.

அதே ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் முன்னிலை பெற்றார். ஆனால் புளோரிடா, லூயிசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்து ஒன்றுக்கு ஒன்று முரணான முடிவுச் சான்றுகள் தலைநகருக்கு வந்துசேர்ந்தன. எதை எண்ணுவது, யார் எண்ணுவது என்பதற்கு அரசியல் சாசனத்தில் தெளிவான விடை இல்லை. நாடாளுமன்றம் 15 பேர் கொண்ட குழுவை அமைத்தது. அது ஒவ்வொரு சர்ச்சையிலும் கட்சி வழியில் 8க்கு 7 என்று பிரிந்து முடிவெடுத்தது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை முடிவுசெய்வது மாநிலவாரியான தேர்வாளர்களின் வாக்கு; அதில் 185க்கு 184 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் 1877 மார்ச்சில் பதவியேற்றார். அடுத்த மாதத்துக்குள், தென்மாநிலத் தலைநகரங்களில் குடியரசுக் கட்சி அரசுகளைக் காத்துநின்ற கடைசித் துருப்புகள் பாசறைக்குத் திருப்பி அழைக்கப்பட்டன. (அன்றைய குடியரசுக் கட்சி லிங்கனின் கட்சி, தென்பகுதி வெள்ளையரின் கட்சி அன்று ஜனநாயகக் கட்சி. இன்றைய நிலையை வைத்து அன்றைய பெயர்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.) இங்கே ஐயத்துக்குரிய ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பதவிக்கு விலையாகத் துருப்புகளை விலக்குவது என்று வெளிப்படையான பேரம் நடந்ததா, அல்லது வடபகுதி ஏற்கெனவே சலித்துப்போய் விலகிக்கொண்டிருந்ததன் இறுதிக் கட்டம்தானா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். பேரம் என்று ஒரே சொல்லில் முடிக்கும் விளக்கத்தை நான் ஏற்பதில்லை. ஏனெனில் பெரும்பாலான தென்மாநிலங்களில் மீள்கட்டமைப்பு அரசுகள் 1877க்கு முன்பே வன்முறையாலும் மிரட்டலாலும் கவிழ்ந்திருந்தன.

அதற்குப் பிறகும் கறுப்பின மக்கள் வாக்களிப்பதை முற்றாக நிறுத்திவிடவில்லை. பதினைந்தாம் திருத்தம் அப்படியே இருந்தது. நாடாளுமன்றம் தலையிடலாம் என்ற அச்சமும் இருந்தது. 1890இல் மத்திய அரசு தேர்தல்களை மேற்பார்வையிட வழிசெய்யும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் இழுத்தடிக்கப்பட்டு மடிந்தது. அதே ஆண்டில்தான் மிசிசிப்பி தன் மாநில அரசியல் சாசனத்தைப் புதிதாக எழுதியது. கேள்வி கேட்டவர் ஒரே ஓர் ஆவணத்தைப் படிக்க நேரம் ஒதுக்குவார் என்றால் இதைத்தான் நான் கையில் கொடுப்பேன். மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அதை எழுதிய மாநாட்டில் இருந்த 134 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒருவர். அதில் இனம் பற்றியோ நிறம் பற்றியோ ஒரு சொல்லும் வாக்குரிமைப் பிரிவில் இல்லை. ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும், கட்டிய சான்றைக் காட்ட வேண்டும். மாநிலத்தில் இரண்டு ஆண்டும் தொகுதியில் ஓராண்டும் குடியிருந்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் பெயர்ந்து குத்தகைக்குப் பயிரிடுபவர்களை இது விலக்கிவிடும். திருட்டு, பொய் சொல்லிப் பொருள் பெறுதல், கட்டடத்துக்குத் தீவைத்தல் போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு வாக்கில்லை. கொலையும் வன்புணர்வும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கறுப்பினத்தவர் மீது எளிதில் சுமத்தக்கூடியவை என்று கருதப்பட்ட குற்றங்களே தேர்ந்து வைக்கப்பட்டன. இவற்றோடு, மாநில அரசியல் சாசனத்தின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ, அதற்கு நியாயமான விளக்கம் சொல்லவோ தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன விளக்கம் நியாயமானதா என்பதையெல்லாம் முடிவுசெய்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பதிவு அலுவலர். எழுதப்படிக்கத் தெரியாத வெள்ளையருக்கு ஒரு வரியைக் கேட்டு அனுப்பிவிடலாம்; ஆசிரியராக இருக்கும் கறுப்பினத்தவருக்கு வரிவிதிப்பு பற்றிய சிக்கலான பிரிவைக் கொடுத்து, விளக்கம் போதவில்லை என்று சொல்லிவிடலாம். காரணம் எழுதித் தரத் தேவையில்லை. இந்த அரசியல் சாசனம் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்படவேயில்லை.

மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்து எழுதின. தென் கரோலினா 1895இல், லூயிசியானா 1898இல், அலபாமா 1901இல், வர்ஜீனியா 1902இல். வட கரோலினா தனிக் கவனத்துக்குரியது. அங்கே 1890களின் நடுவில் ஏழை வெள்ளை விவசாயிகளின் மக்கள் கட்சியும் கறுப்பின மக்களின் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சியும் கூட்டணி அமைத்து ஆட்சியைப் பிடித்தன. அதற்கு எதிராக 1898 நவம்பர் 10 அன்று வில்மிங்டன் நகரில் ஆயுதக் கூட்டம் ஒன்று கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள் அலுவலகத்தைக் கொளுத்தி, பலரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தைத் துப்பாக்கி முனையில் பதவி விலகவைத்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கும் வாக்குரிமை திருத்தப்பட்டது. லூயிசியானாவில் 1867 ஜனவரி 1க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களும் அவர்களுடைய மகன்களும் பேரன்களும் எழுத்தறிவு, சொத்துத் தகுதிகளிலிருந்து விலக்குப் பெறலாம் என்று ஒரு விதி. அந்த நாளுக்கு முன் கறுப்பினத் தாத்தா எவருக்கும் அங்கே வாக்கு இல்லை. விளைவு: 1896இல் அந்த மாநிலத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பதிவு செய்திருந்தார்கள், 1900இல் அந்த எண்ணிக்கை 5,320. அலபாமா மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் தம் தொடக்க உரையில், மத்திய அரசியல் சாசனம் விதிக்கும் வரம்புகளுக்குள் நின்று வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவுவதே நம் நோக்கம் என்று மறைக்காமல் சொன்னார். அந்த "வரம்புகளுக்குள் நின்று" என்ற சொற்களை வாசகர்கள் நின்று படிக்க வேண்டும். புரட்சி செய்து சட்டத்தைக் கிழித்தவர்கள் அல்லர் இவர்கள். சட்டம் படித்தவர்கள், சட்டத்தின் இடுக்குகளை அறிந்தவர்கள்.

ஏழை வெள்ளையர்களும் இதில் அடிபட்டார்கள். இரண்டு டாலர் என்பது பணப்புழக்கமே இல்லாத ஒரு பருத்தி விவசாயிக்குச் சிறிய தொகை அன்று. 1924 குடியரசுத் தலைவர் தேர்தலில், ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் வாழ்ந்த தென் கரோலினாவில் பதிவான மொத்த வாக்குகள் 50,000ஐச் சற்றே தாண்டின. பெண்களுக்கு வாக்குரிமை வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்பதே எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி. 1898இல் மிசிசிப்பி சாசனம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதன் சொற்களில் இனப் பாகுபாடு இல்லை, தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்றும் நிறுவப்படவில்லை என்று நீதிபதிகள் அதை நிற்கவிட்டார்கள். 1903இல் அலபாமாவின் ஜாக்சன் கைல்ஸ் என்பவர், தம்மைப் போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்பில், பதிவுமுறை முழுவதுமே மோசடி என்று வழக்குத் தொடுத்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பதிவுமுறையே மோசடி என்றால் அந்த மோசடியில் உங்களையும் சேர்க்கும்படி நீதிமன்றம் எப்படி ஆணையிடும் என்று கேட்டார். இவ்வளவு பெரிய அரசியல் அநீதிக்குப் பரிகாரம் அந்த மாநில மக்களிடமோ நாடாளுமன்றத்திடமோதான் கிடைக்க வேண்டும் என்றார். வாக்கில்லாதவரிடம் வாக்கின் வழியாகப் பரிகாரம் தேடிக்கொள் என்று சொன்ன தீர்ப்பு அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இலங்கை நினைவுக்கு வரும். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழர் என்ற பெயரைச் சொல்லவில்லை. தந்தைவழிப் பிறப்பைச் சான்றுகாட்டி நிறுவு என்றுதான் கேட்டன. தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் பிறந்த பெரும்பாலோரிடம் அந்தச் சான்று இல்லை. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களாயினர். வழக்கு 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், சட்டம் செல்லும் என்ற தீர்ப்போடு முடிந்தது. இரண்டு நாடுகளின் சூழலும் காரணங்களும் ஒன்றல்ல; ஆனால் பொதுவான சொற்களில் எழுதிய ஒரு விதி, ஆவணம் இல்லாத ஒரு கூட்டத்தைக் குறிவைத்துத் தாக்கும் விதம் ஒன்றே. மிசிசிப்பியைப் படித்தவருக்கு நுவரெலியாவில் நடந்தது விளங்கும்.

தெற்கில் நடந்தது தெற்கோடு நிற்கவில்லை. ஒரே கட்சி ஆட்சி நிலவிய மாநிலங்களின் செனட்டர்கள் மீண்டும் மீண்டும் தேர்வாகி, பணிமூப்பு முறையால் முக்கியக் குழுக்களின் தலைமையைப் பிடித்தார்கள். கும்பல் கொலைகளைத் தடுக்கும் மத்திய சட்டம் ஒன்று 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் முடங்கியது. அத்தகைய சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022இல். நூறு ஆண்டுகள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கியது என்பதும், தெற்கின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்த இரு வேலைகளில்தான் இருந்தார்கள் என்பதும் உறுதியான செய்திகள். அந்த விலக்கு தென்பகுதி உறுப்பினர்களின் இன நோக்கத்தால் வந்ததா, அத்தகைய தொழிலாளர்களிடம் பங்களிப்பு வசூலிப்பதில் இருந்த நிர்வாகச் சிக்கலால் வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே தீராத விவாதம் உண்டு. நோக்கம் எதுவாயினும், வாக்கில்லாத மக்களின் சார்பில் குரல் கொடுக்க அந்த அவையில் அவர்கள் தொகுதி உறுப்பினருக்கு எந்தக் காரணமும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. வட கரோலினாவின் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901இல் நாடாளுமன்றத்தை விட்டு விலகியபின், தென்மாநிலங்களிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் உள்ளே நுழைந்தது 1973இல்.

இந்தப் பறிப்பைச் சரியென்று காட்டிய வரலாற்று எழுத்தும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவை, மீள்கட்டமைப்புக் காலத்தை ஊழல் மலிந்த, தகுதியற்றவர்களிடம் ஆட்சி போன காலமாகச் சித்திரித்தன. பல பத்தாண்டுகள் பாடநூல்கள் அதையே சொல்லின. 1935இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அதை எதிர்த்து விரிவாக எழுதினார். கல்வியுலகம் அவரை ஏற்க மேலும் ஒரு தலைமுறை ஆனது. அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால் பின்னதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமானதும்கூட என்று அதில் குறிப்பிட்டார். நம் வரலாறே போதாதா என்ற கேள்விக்கு என் சொற்களைவிட இது தகுதியான பதில். மூன்றாண்டுகளுக்குப் பின், 1949 ஜூன் 15 அன்று, அரசியல் நிர்ணய சபையில் தேர்தல் ஆணையம் பற்றிய பிரிவை முன்மொழிந்தபோது, மாகாணங்களுக்குத் தனித்தனி ஆணையம் என்ற முந்தைய திட்டத்தைக் கைவிட்டு நாடு முழுமைக்கும் ஒரே ஆணையம் வேண்டும் என்றார். சில மாகாணங்களில் இனத்தாலோ மொழியாலோ பண்பாட்டாலோ வேறுபட்டவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள் என்ற செய்திகளை அவர் காரணமாகச் சொன்னார். அமெரிக்க அனுபவம்தான் அந்த முடிவுக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய உரை உள்நாட்டுச் செய்திகளையே சுட்டுகிறது. பட்டியல் எழுதும் கை உள்ளூர்ப் பெரும்பான்மையின் கையாக இருந்தால் என்ன ஆகும் என்ற அதே கேள்வியை அவர் எதிர்கொண்டார் என்று மட்டும் சொல்லலாம்.

மீட்பு எப்படி நடந்தது என்பதும் பறிப்பைப் போலவே நுட்பமாகக் கற்க வேண்டியது. 1915இல், லூயிசியானாவில் கண்டது போன்ற தாத்தா விதியும், 1944இல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முதற்கட்டத் தேர்தலும் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. ஒவ்வொரு வழக்கிலும் வென்றபின் மாநிலங்கள் வேறொரு விதியைக் கண்டுபிடித்தன. அதை எதிர்த்து மறுபடியும் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. அலபாமாவின் செல்மா நகரில் 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கோரிய ஊர்வலத்தினரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் அந்தக் கண்ணாமூச்சியின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. எழுத்தறிவுச் சோதனை போன்றவற்றைப் பயன்படுத்திய, 1964இல் பாதிப் பேர்கூடப் பதிவோ வாக்களிப்போ செய்யாத பகுதிகளில் அந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. மத்திய அலுவலர்கள் நேரில் சென்று வாக்காளர்களைப் பதிவுசெய்யலாம். அப்பகுதிகள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே மத்திய அரசிடமோ வாஷிங்டனில் உள்ள நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டும். பாகுபாடு இல்லை என்று நிறுவும் சுமை வாக்காளரிடமிருந்து அரசிடம் மாறியது. மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பின மக்களில் பதிவு செய்தவர்கள் சட்டத்துக்கு முன் 6.7 சதவீதம்; 1967இல் 59.8 சதவீதம். 1870இலிருந்து காகிதத்தில் இருந்த உரிமை, அதைச் செயல்படுத்தும் அலுவலரும் விதியும் வந்தபின் இரண்டே ஆண்டுகளில் உயிர்பெற்றது.

இன்றைய நிலைக்கு வருவோம். அந்த முன்ஒப்புதல் ஏற்பாட்டை 2006இல் செனட் 98க்கு 0 என்ற வாக்கில் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2013 ஜூனில் ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், எந்தப் பகுதிகளுக்கு அது பொருந்தும் என்பதை வரையறுக்கும் பிரிவு பழைய தரவுகளின் மீது நிற்கிறது என்று அதைச் செல்லாததாக்கியது. அதனால் முன்ஒப்புதல் ஏற்பாடே செயலிழந்தது. தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், அதுவரை தடுக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாளச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. வட கரோலினா அதே ஆண்டில் இயற்றிய சட்டத்தை, கறுப்பின வாக்காளர்களை அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பான துல்லியத்தோடு குறிவைப்பது என்று சொல்லி 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இவை உறுதியானவை. இத்தகைய சட்டங்கள் வாக்களிப்பு விகிதத்தை எவ்வளவு குறைக்கின்றன என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சில பெரிய விளைவைக் காண்கின்றன, சில மிகச் சிறிய விளைவையே காண்கின்றன. 1890க்கு நாடு திரும்பிவிட்டது என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பதே என் கருத்து. இன்று அங்கே கோடிக்கணக்கான கறுப்பின மக்கள் வாக்களிக்கிறார்கள், வழக்கு வெல்கிறார்கள், ஆட்சியில் இருக்கிறார்கள். அதே வேளையில், பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதையே பாதுகாப்பு தேவையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது 1877இலும் நடந்த தவறு.

1876இன் இன்னொரு இழையும் இன்றுவரை ஓடிவருகிறது. அந்தக் குழப்பம் மீண்டும் வராதிருக்க தேர்வாளர் வாக்குகளை எண்ணும் முறை பற்றி நாடாளுமன்றம் 1887இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் சொற்கள் தெளிவற்றவை என்று அறிஞர்கள் நெடுங்காலம் எச்சரித்தார்கள்; அவசரம் இல்லாததால் எவரும் கைவைக்கவில்லை. 2021 ஜனவரி 6 அன்று, வாக்குகளை எண்ணும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துணைக் குடியரசுத் தலைவர் சில மாநிலங்களின் வாக்குகளை ஏற்க மறுக்கலாம் என்ற வாதம் அந்தத் தெளிவின்மையின் மீதுதான் கட்டப்பட்டது. அவர் அப்படிச் செய்ய உடன்படவில்லை, அவையை ஒரு கூட்டம் முற்றுகையிட்டது, எண்ணிக்கை அன்றிரவே தொடர்ந்து முடிந்தது. 2022 டிசம்பரில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தலைமை தாங்குபவரின் பங்கு வெறும் சடங்குக்குரியது என்று எழுதப்பட்டது.

இந்த வரலாறு எதைச் சொல்லாது என்பதையும் குறிப்பிட வேண்டும். இன்னின்ன நடந்தால் ஜனநாயகம் வீழும் என்ற விதியை ஒரே நாட்டின் அனுபவத்திலிருந்து வருவிக்க முடியாது. துருப்புகள் இன்னும் பத்தாண்டு இருந்திருந்தாலோ, விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தாலோ மீள்கட்டமைப்பு தப்பியிருக்குமா என்ற கேள்விக்குச் சான்றுகளால் விடை காண இயலாது. நிலம் கிடைத்திருந்தால் தப்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன், ஆனால் அது நம்பிக்கைதான். பூர்வகுடிகள், சீனக் குடியேறிகள், பெண்கள், போர்ட்டோ ரிக்கோ மக்கள் ஆகியோரின் வாக்குரிமை வரலாறு வேறு பாதைகளில் சென்றது. நான் சொன்னது அவற்றுக்கு மாற்றாகாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பொது வரலாற்று நூலிலிருந்து தொடங்காதீர்கள். அது உங்களைக் குடியரசுத் தலைவர்களின் வரிசையில் இழுத்துச் சென்றுவிடும். பதினைந்தாம் திருத்தத்தைப் படியுங்கள், இரண்டே வாக்கியங்கள். பின்பு மிசிசிப்பியின் 1890 சாசனத்தில் வாக்குரிமை பற்றிய பகுதியையும், அலபாமா மாநாட்டில் 1901 மே மாதம் நாக்ஸ் ஆற்றிய உரையையும் படியுங்கள். மாநாட்டின் நடவடிக்கைகள் நாள்வாரியாக அச்சாகியுள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. அதன்பின் கைல்ஸ் வழக்கின் 1903 தீர்ப்பு, கடைசியாக 2013 தீர்ப்பின் பெரும்பான்மைக் கருத்தும் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய மாற்றுக் கருத்தும். சட்ட ஆங்கிலம் கடினமாக இருந்தால் தீர்ப்புகளின் முதல் சில பக்கங்களில் வழக்கின் நிகழ்வுகளைச் சொல்லும் பகுதியை மட்டும் படித்துவிட்டு முடிவுக்குத் தாவலாம். மாணவர்களை நான் அப்படித்தான் படிக்கச் சொல்வேன். இந்த ஐந்தையும் கால வரிசையிலேயே படியுங்கள். 2013இன் வாதங்களை 1903க்குப் பிறகு படிப்பவர் அவற்றை வேறு விதமாகக் கேட்பார்.